இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் இழப்பீடு வாங்குவது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

இன்சூரன்ஸ் உள்ள வண்டி மோதினால் வழக்கு இழுக்கும். ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டால் கம்பெனி பணத்தைக் கட்டிவிடும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் நிலைமை தலைகீழ். எதிர்த்து வாதாட கம்பெனி வக்கீல் இல்லை, வண்டிக்காரர் பல வழக்குகளில் நீதிமன்றப் பக்கமே வருவதில்லை. ஆகவே தீர்ப்பு பெரும்பாலும் அடிபட்டவருக்கே சாதகமாக வரும். அதைப் பணமாக மாற்றுவதுதான் பெரும்பாடு. இந்த வழக்கை முதல் நாளிலிருந்தே வேறு மாதிரி நடத்த வேண்டியிருப்பது இதனால்தான். யார்மேல் தப்பு என்பதற்கு ஆதாரம் சேர்க்கும்போதே, பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பதையும் தேடத் தொடங்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆம் பிரிவுப்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டுக்கு வரக்கூடாது. மீறினால் 196-ஆம் பிரிவின் கீழ் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசுக்குப் போகிறது. அடிபட்டவர் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்க வேண்டும்.

ரோட்டிலும் ஸ்டேஷனிலும்

நம்பர் பிளேட், இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, பிரேக் தடம், உடைந்து சிதறிய கண்ணாடி, ஓட்டியவரின் முகம் எல்லாவற்றையும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுக்கச் சொல்லுங்கள். அடிபட்டவரால் முடியாது, கூட நிற்பவர்தான் செய்ய வேண்டும். மார்த்தாண்டம், தக்கலை, வெட்டூர்ணிமடம் போன்ற கடைத்தெருப் பகுதி என்றால் பக்கத்துக் கடையின் கேமரா பதிவை அன்றைக்கோ மறுநாளோ கேட்டு பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துபோகும். போலீஸ் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பதிவு மிஞ்சாது.

"கேஸெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சிருவோம்" என்று அவசரப்படுவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் இல்லாதவர்தான். கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்குவார். அன்றைக்கு வீக்கம் மட்டும் தெரிந்த முழங்காலில் தசைநார் கிழிந்திருப்பது ஒரு வாரம் கழித்து ஸ்கேனில் தெரியும். எலும்பு முறிவோ தலையில் அடியோ இருக்கலாம் என்ற சந்தேகம் துளியாவது இருந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கொடுக்கும் பணத்தை வாங்கலாம். அதற்கு "சிகிச்சைச் செலவுக்கு முன்பணம்" என்று மட்டும் ரசீது எழுதிக் கொடுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகார் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டோடு நின்றுவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். வேண்டும். காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளும், உயிரிழப்பு என்றால் 106-உம் வரும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஐயும் சேர்க்கும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் வண்டிக்காரர் 'எனக்கு பாலிசி இருந்தது' என்று கதையை மாற்ற முடியாதபடி இந்தப் பிரிவு தடுக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் போலீஸுக்குக் கால வரம்பு உண்டு. முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கை 50 நாளிலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முதல் அறிக்கையின் நகல் அடிபட்டவருக்கும் உண்டு. கேட்டு வாங்குங்கள். அதில் இன்சூரன்ஸ் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் உண்மையிலேயே இல்லையா?

'இல்லை' என்று வண்டிக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கே தெரியாமல் பாலிசி உயிரோடு இருக்கும் சம்பவங்கள் நிறைய. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். புதுக் கார் என்றால் மூன்று வருடம். முதல் வருடம் முடிந்ததும் தீர்ந்துபோவது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி மட்டும். 'இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு' என்று அதைத்தான் பலர் சொல்கிறார்கள். 2022-இல் வாங்கிய பைக்குக்கு 2027 வரை மூன்றாம் நபர் காப்பீடு நிற்கும்.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் கம்பெனியும் முடியும் தேதியும் வரும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் காலாவதி என்று காட்டினாலும், நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவையும் போலீஸ் வழியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விபத்து நடந்த அதே நாளில் பாலிசி எடுக்கப்பட்டிருந்தால் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். காலை 9 மணிக்கு மோதிவிட்டு 11 மணிக்கு எடுத்த பாலிசி செல்லாது.

பாலிசி இருக்கிறது, ஆனால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, அல்லது குடித்திருந்தார் என்ற நிலை வேறு. அதை இன்சூரன்ஸ் இல்லாத வழக்காக நினைத்து மனம் தளர வேண்டாம். கம்பெனி முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும் வாய்ப்பு அதிகம். பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பி வந்திருந்தாலும், பாலிசியை ரத்து செய்த தகவலை விபத்துக்கு முன்பே கம்பெனி அனுப்பியிருந்ததா என்பதுதான் கேள்வி. அனுப்பவில்லை என்றால் கம்பெனி தப்ப முடியாது.

அரசுப் பேருந்து மோதினால் 'இன்சூரன்ஸ் இல்லையாம்' என்று பயப்பட வேண்டியதில்லை. போக்குவரத்துக் கழகமே இழப்பீடு கட்டப் பொறுப்பு. களியக்காவிளை வழியாக வரும் கேரள அரசுப் பேருந்துக்கும் அதே நிலைதான்.

இந்த இடத்தில் ஒரு வலையைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். "என் மச்சான் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அந்த நம்பரைப் போட்டுக்குவோம், உங்களுக்கும் நல்லது" என்று சிலர் வருவார்கள். சில இடைத்தரகர்களும் இதைச் சொல்வார்கள். சம்மதித்துவிடாதீர்கள். வண்டியை மாற்றியது வெளியே வந்தால் மனு தள்ளுபடி ஆவதோடு நிற்காது. அடிபட்டவர்மேலேயே மோசடி வழக்கு பாயும். ஆம்புலன்ஸ் பதிவு, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் உள்ள சேதம் என்று மூன்று இடத்தில் உண்மை எழுதப்பட்டிருக்கும். கம்பெனிகள் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஆட்களையே வைத்திருக்கின்றன.

பணம் வரக்கூடிய மற்ற வழிகள்

விபத்தில் இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்டிருக்கிறதா? நீங்கள் ஆட்டோவில் பயணி, இன்சூரன்ஸ் இல்லாத கார் வந்து மோதியது, ஆட்டோக்காரர்மேலும் கொஞ்சம் தப்பு உண்டு என்றால், ஆட்டோவின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே முழு இழப்பீட்டையும் கேட்கலாம். இருவர் தவறும் சேர்ந்து மூன்றாமவருக்கு அடிபட்டால், அவர் இருவரில் யாரிடமும் முழுத்தொகையையும் வசூலிக்கலாம் என்பது 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த சட்டம். ஆட்டோவையும் அதன் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறந்துவிட்டு வெறும் காரை மட்டும் சேர்த்த மனுக்கள் உண்டு. அது கைக்கு வந்த பணத்தைத் தள்ளிவிடுவதுதான். ஆனால் ஆட்டோக்காரர்மேல் தவறே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லக் கூடாது. எஃப்.ஐ.ஆரும் வரைபடமும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது உங்கள் சொந்த பாலிசி. வெளிநாடுகளில் சிலவற்றில் இருப்பதுபோல, எதிர்வண்டிக்குக் காப்பீடு இல்லாவிட்டால் நம் கம்பெனியே காயத்துக்கு ஈடு தரும் ஏற்பாடு இங்கே வழக்கத்தில் இல்லை. ஆனால் உரிமையாளரே ஓட்டிச் சென்று உயிரிழந்தாலோ முழுமையாக நிரந்தர ஊனமடைந்தாலோ 15 லட்சம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் அதில் பாதி. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். இதற்கு யார்மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் பழுதுச் செலவை உங்கள் கம்பெனியிடம் வாங்கிவிடுங்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையும் பிடிப்பார்கள். பிடித்த அந்தத் தொகையை மோதியவரிடம் கேட்கலாம். கம்பெனி தந்ததையே மறுபடி கேட்கக் கூடாது.

வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் புரட்டுங்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். விபத்து நடந்த 30 நாளுக்குள் வங்கியில் சொல்ல வேண்டும். கொளச்சல், முட்டம் பக்கம் மீனவர் நல வாரிய அட்டையும், குலசேகரம், திருவட்டாறு பக்கம் தோட்டத் தொழிலாளர்களிடம் நல வாரிய அட்டையும் இருக்கும். அவற்றில் உள்ள விபத்து உதவியையும் கேளுங்கள்.

சிகிச்சைக்கு, தமிழ்நாடு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லை. எந்த மாநிலத்தவரானாலும், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை உண்டு. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது இந்த இரண்டுக்கும் தடையே இல்லை. சேர்க்கும்போதே ஆஸ்பத்திரி கவுண்டரில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். பில் போட்டு முடித்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வண்டி நிற்காமல் போய்விட்டது, எதுவென்றே தெரியவில்லை என்றால் அது தனி வழி. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியிலிருந்து வரும். வருவாய்த் துறை வழியாக விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். வண்டி எது என்று தெரிந்து, இன்சூரன்ஸ்தான் இல்லை என்றால் இந்தத் திட்டம் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து தாலுகா ஆபீசுக்கு நடந்தே மாதங்களை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியை விடவிடாமல் நிறுத்துவது

இந்த வகை வழக்கில் உங்கள் கையில் உள்ள பெரிய பிடி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்த வண்டிதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் விபத்து விசாரணைக்கான நடைமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி, மரணமோ காயமோ சொத்துச் சேதமோ ஏற்படுத்தியிருந்தால், இழப்பீட்டுக்குப் போதுமான ஈட்டை உரிமையாளர் கட்டும்வரை நீதிமன்றம் அதை விடுவிக்கக் கூடாது. ஈடு கட்டவில்லை என்றால், போலீஸ் கைப்பற்றி மூன்று மாதம் கழிந்ததும் மாஜிஸ்திரேட் அதைப் பொது ஏலத்தில் விற்று, 15 நாளுக்குள் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். எல்லா மாநிலங்களும் இப்படி விதி கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியிருந்தது.

நடப்பது வேறு. உரிமையாளர் அந்தந்த எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வண்டியைத் திருப்பிக் கேட்டு மனுப் போடுவார். அரசு வழக்கறிஞர் வழக்கமான ஆட்சேபணையோடு விட்டுவிடுவார். சொந்தப் பிணைப்பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்து வண்டி வெளியே போய்விடும். அடிபட்டவருக்கு அப்படி ஒரு மனு வந்ததே தெரியாது. ஆகவே எஃப்.ஐ.ஆர். எண் கையில் கிடைத்ததும் வக்கீல் மூலம் அந்த நீதிமன்றத்தில் ஒரு ஆட்சேபணை மனுவைப் போட்டு வைத்துவிடுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, காயத்தின் தன்மை இது, இதுவரை ஆன செலவு இவ்வளவு, இனி வரும் கோரிக்கை ஏறத்தாழ இவ்வளவு, ஆகவே வங்கி உத்தரவாதமோ ரொக்க வைப்போ இல்லாமல் விடக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். விதியின் நகலையும் இணையுங்கள்.

பழைய பைக் என்றால் ஏலத்தில் இருபதாயிரம்கூடத் தேறாது. ஆனாலும் இந்த மனு வீண் இல்லை. டெம்போ, டாரஸ் லாரி, வாடகைக் கார் வைத்திருப்பவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். பேச்சுக்கு வராத ஆள் பேச வருவது இந்தக் கட்டத்தில்தான். நல்ல தொகைக்கு உடன்பாடு ஏற்பட வாய்ப்புள்ள நேரமும் இதுதான்.

யாரை எதிர்மனுதாரராகப் போடுவது

ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டியை விற்று வருடக்கணக்காகியும் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், விற்றவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிப்படுத்தியது. குமரி மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கேஎல் 01, கேஎல் 19, கேஎல் 20 என்று கேரள எண்ணோடு இங்கே ஓடும் பழைய கார்கள் எத்தனையோ கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு கை மாறியவை. ஓட்டியவர், இப்போது வைத்திருப்பவர், ஆர்.சி.யில் உள்ளவர் மூவரையும் சேருங்கள். மூவரில் வசதியானவர் பெரும்பாலும் ஆர்.சி.யில் இருப்பவராகவே இருப்பார். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்கலாம். அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பு.

மனு எங்கே, எப்போது, எவ்வளவுக்கு

விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிரி குடியிருக்கும் இடம் இந்த மூன்றில் எந்த எல்லையிலும் மனுப் போடலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் இழப்பீட்டு வழக்குகள் எம்.சி.ஓ.பி. என்ற எண்ணோடு நடக்கின்றன. பாறசாலையில் அடிபட்டிருந்தாலும் விளவங்கோடு தாலுகாக்காரர் குழித்துறையிலேயே நடத்திக்கொள்ளலாம்.

கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1-க்குப் பின் நடந்த விபத்துகளுக்கு, தப்பை நிரூபித்து இழப்பீடு கேட்கும் 166-ஆம் பிரிவில் வந்த மாற்றம் இது. இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். சிகிச்சை முடியவில்லை, ஊனச் சான்று வரவில்லை என்பதெல்லாம் காத்திருக்கக் காரணங்கள் அல்ல. மனுவைப் போட்டுவிட்டு ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம்.

தப்பு யார்மேல் என்று நிரூபிப்பது கடினமாக இருந்தால் 164-ஆம் பிரிவு உண்டு. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். காப்பீடு இல்லாவிட்டால் உரிமையாளரே இதற்குப் பொறுப்பு. எலும்பு முறிந்தாலோ, 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். தொகை குறைவு என்பதால், தப்பு எதிரிமேல் தெளிவாக இருக்கும்போது 166-தான் சரி.

உயிரிழப்பில் தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால் வக்கீலிடம் பேசுவது எளிது. மாதம் 18,000 சம்பாதித்த 38 வயதுக் கொத்தனார், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழிலில் 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. நம்பியிருப்பவர் நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 18,900. வருடத்துக்கு 2,26,800. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கெண் 15. ஆக 34,02,000 ரூபாய். இதோடு துணையை, தந்தையை, மகனை இழந்ததற்காக ஆளுக்கு 48,400, இறுதிச் சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 18,150. வக்கீல்கள் சரளா வர்மா, பிரணய் சேத்தி என்று சொல்வது இந்தக் கணக்கை வகுத்த 2009, 2017-ஆம் வருடத் தீர்ப்புகளைத்தான்.

கணக்கில் ஓட்டை விழுவது அந்த 18,000-இல்தான். ரப்பர் பால் வெட்டுபவருக்கும் கொத்தனாருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானத்தை எடுத்துக்கொள்ளும். அது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். தோட்ட உரிமையாளரின் பற்று நோட்டு, ரப்பர் ஷீட் விற்ற கடையின் ரசீது, ஒப்பந்தக்காரர் கூகுள் பேயில் போட்ட பணம் தெரியும் வங்கிப் பதிவு, நல வாரிய அட்டை எதுவானாலும் கொண்டுபோங்கள். எழுதிக் கொடுத்தவர் கூண்டேறிச் சாட்சி சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். வெறும் கடிதம் நிற்காது.

காய வழக்கில் ஆஸ்பத்திரிக் காகிதம்தான் உயிர். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் முதலில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல் வாங்குங்கள். அங்கே 'பைக்கில் போகும்போது கார் மோதியது' என்பதற்குப் பதிலாக 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்று எழுதப்பட்டிருந்தால் எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும். சேர்க்கும்போது கூட இருப்பவர் சரியாகச் சொல்ல வேண்டும். தலைக்காயம் என்றால் பலரையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே 'வூண்ட் சர்டிபிகேட்' என்ற பெயரில் கிடைக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மருந்துக்கடையின் வழவழப்பான பில்லில் ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து ஒரிஜினலோடு பின் பண்ணி வையுங்கள். ஆம்புலன்ஸ், வாடகைக் கார், கூட இருந்தவர் சாப்பாடு வரை தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஊனச் சதவீதம் மருத்துவக் குழுவின் சான்றில் வரும். ஒரு காலில் 45 சதவீதம் என்பது முழு உடம்புக்கு 45 ஆகாது. ஆனால் பனையேறும் தொழிலாளிக்குக் கால் மடங்காமல் போனால் அவர் தொழிலே போய்விட்டது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. இந்த விளக்கத்தை மருத்துவர் வாயாலும் உங்கள் வாயாலும் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் வருமானம் பார்க்காமலே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். சதவீதக் கணக்கில் கட்டணம் பேசும் வக்கீலிடம், இன்சூரன்ஸ் இல்லாத வழக்கில் வசூல் வேலையும் அவரே பார்ப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தீர்ப்போடு கழன்றுகொண்டால் உங்களுக்குக் காகிதம்தான் மிஞ்சும்.

தீர்ப்பைப் பணமாக்குவது

சொத்துத் தேடலை மனுப் போடும் முன்பே தொடங்குங்கள். உரிமையாளர் பெயரில் பட்டா இருக்கிறதா என்று கிராம அளவில் விசாரியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். விபத்துக்குப் பிறகு மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அதில் தேதியோடு தெரியும். கடன்காரரை ஏமாற்றச் செய்த அந்த மாற்றத்தைச் சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவில் உடைக்கலாம். விற்கப் போகிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் வழக்கு நடக்கும்போதே முன்ஜப்தி கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். சொத்து இருக்கிறது என்பது மட்டும் அதற்குப் போதாது.

தீர்ப்பு வந்து சொன்ன கெடுவுக்குள் பணம் கட்டவில்லை என்றால் இரண்டு கதவுகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் தீர்ப்பாயம் ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பும். நிலவரிப் பாக்கி வசூலிப்பதுபோல வருவாய்த் துறை வசூலிக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு தூங்கிவிடும், சர்வே எண்ணோடு சொத்து விவரத்தை நீங்களே கொடுத்து நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது இ.பி. எனப்படும் நிறைவேற்று மனு. வீடு, நிலம், வேறு வண்டிகள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஜப்தி செய்யலாம். சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக மிச்சத்தை, ஒரே தீர்ப்புக்கு 24 மாதம் வரை பிடிக்கலாம்.

உரிமையாளர் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தாலும் வசூலிக்க முடியும். நம் ஆட்சியர் அனுப்பும் சான்றிதழை, வருவாய் வசூல் சட்டம் 1890-இன் கீழ் அந்த மாவட்ட ஆட்சியர் நிறைவேற்ற வேண்டும். அங்கே முகவரி மாறியிருக்கிறதா என்று முன்பே விசாரித்து வைத்திருந்தால் மாதங்கள் மிச்சமாகும்.

இடையில் லோக் அதாலத்தில் தவணைக்கு ஒத்துக்கொள்வது பல நேரம் புத்திசாலித்தனம். ஏழை டிரைவரிடம் 20 லட்சத் தீர்ப்பைவிட, கட்டும் 6 லட்சம் பெரிது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே பாதியாவது கையில் வந்த பிறகே கையெழுத்து. மீதித் தவணைகளுக்குத் தேதி போட வேண்டும். ஒரு தவணை தவறினாலும் முழுத்தொகையும் வட்டியோடு உடனே கட்ட வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஜாமீனாக ஒரு நிலத்தைச் சர்வே எண்ணோடு அதிலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு முன் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற மெமோவை யார் வற்புறுத்தினாலும் நீதிமன்றத்தில் கொடுக்காதீர்கள்.